தெற்கு வளவு: ஓர் ஆங்கிலக் குடும்பப் பெயரின் 700 ஆண்டுகள்



இந்நாட்டில் நாம் நிரப்பும் ஒவ்வொரு படிவத்திலும் பெயருக்கென இரண்டு கட்டங்கள் உள்ளன. முதற்பெயருக்கு ஒன்று, குடும்பப் பெயருக்கு மற்றொன்று. ஆங்கிலேயர் யோசிக்காமல் நிரப்பிச் செல்லும் அந்த இரண்டாம் கட்டத்தில் நம்மில் பலருடைய பேனா சற்றே தயங்குகிறது. குழந்தைக்குத் திருமுழுக்குக் கேட்டு வரும் இளம் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வியும் இதுவே: "சுவாமி, பிள்ளைக்குக் குடும்பப் பெயராக எதைப் பதிவது?" சிலர் இன்னும் ஒருபடி சென்று, "வெள்ளைக்காரருக்குத் தலைமுறை தலைமுறையாய் வந்த பெயர் இருக்கிறது, நமக்குத்தான் அப்படி ஒன்றும் இல்லை" என்று வருந்துவதும் உண்டு.

அந்த வருத்தம் தேவையற்றது என்பதைக் காட்ட, ஓர் ஆங்கிலக் குடும்பப் பெயரின் வரலாற்றை இன்று உங்கள் முன் வைக்கிறேன். அது நாடெங்கும் காணப்படும் பெயர் அன்று. ஸ்மித், ஜோன்ஸ் போல் தெருவுக்குத் தெரு கேட்காது. ஆயினும் இலண்டனில் வாழும் உங்களுள் பலர் அப்பெயருடைய ஒருவர் முன் முழந்தாளிட்டுச் செபித்திருப்பீர்கள். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில், புனித ஜார்ஜ் மற்றும் ஆங்கிலேய மறைசாட்சிகள் சிற்றாலயத்தில், கண்ணாடிப் பேழைக்குள் ஒரு குருவின் உடல் கிடத்தப்பட்டிருக்கிறதே, அவர் புனித ஜான் சவுத்வொர்த். அவருடைய குடும்பப் பெயரே நம் பொருள்.

முதலில் ஒரு பொது உண்மையை அறிந்துகொள்ளுங்கள். ஆங்கிலேயருக்கும் தொடக்கத்தில் குடும்பப் பெயர் இருந்ததில்லை. 1066ஆம் ஆண்டு நார்மானியர் இங்கிலாந்தை வென்றபோது, இம்மண்ணின் மக்கள் பெரும்பாலும் ஒற்றைப் பெயருடனேயே வாழ்ந்தார்கள். ஒரே பெயருடையோர் பலர் இருந்தால், இன்னாருடைய மகன், கொல்லன், குட்டையன், இன்ன ஊரான் என்று அடையாளம் சொல்லி அழைத்தார்கள். அந்த அடைமொழி அவரோடு முடிந்துவிடும். மகனுக்கு வேறொன்று அமையும். நார்மானியப் பிரபுக்கள் தாம் ஆண்ட நிலத்தின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துப் பிள்ளைகளுக்கும் விட்டுச் சென்றார்கள். அவ்வழக்கம் மெல்லக் கீழிறங்கி, ஏறத்தாழ 1400ஆம் ஆண்டுக்குள் இங்கிலாந்தின் பொதுமக்களுள் பெரும்பாலோரிடம் பரவியது. சொத்துரிமையும், நீதிமன்றமும், 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் விதிக்கப்பட்ட தலைவரியும் மக்களைப் பெயர் சொல்லி எழுதச் செய்தன. எழுதப்பட்ட அடைமொழி அடுத்த தலைமுறைக்கும் ஒட்டிக்கொண்டது.

இவ்வாறு உறைந்த பெயர்களை அறிஞர்கள் நான்கு வகையாகப் பிரிப்பர்: தந்தை பெயரால் வந்தவை, தொழிலால் வந்தவை, உருவமோ குணமோ பற்றிய பட்டப் பெயர்கள், இடத்தால் வந்தவை. சவுத்வொர்த் என்பது கடைசி வகையைச் சேர்ந்தது. வடமேற்கு இங்கிலாந்தில், வாரிங்டன் நகருக்கு அருகே, வின்விக் என்னும் பழைய பங்கின் எல்லைக்குள் அப்பெயருடைய ஒரு சிற்றூர் இருந்தது. லங்காஷயர் மாவட்டத்தின் தென்கோடி அது. 'சவுத்' என்பது தெற்கு. 'வொர்த்' என்பது பழைய ஆங்கிலத்தில் வேலியடைத்த மனையைக் குறித்த சொல். யாழ்ப்பாணத்தில் நாம் 'வளவு' என்று சொல்லும் அதே பொருள். ஆக, சவுத்வொர்த் என்றால் தெற்கு வளவு. இத்தனை நூற்றாண்டுப் பெருமையுடைய அப்பெயரைத் தமிழில் சொன்னால், நம் ஊரில் காணித் துண்டொன்றுக்கு வழங்கும் பெயர்தான்.

லங்காஷயரில் இத்தகைய 'வளவு'ப் பெயர்கள் ஏராளம். ஆஷ்வொர்த், பட்டர்வொர்த், விட்வொர்த், ஷட்டில்வொர்த் எல்லாம் அவ்வகையே. அப்பகுதியில் பங்குகள் பரந்தவை; மக்கள் ஒரே ஊராய்ச் சேர்ந்து வாழாமல் குன்றோரங்களிலும் சதுப்பு ஓரங்களிலும் தனித்தனிக் குடியிருப்புகளாய்ச் சிதறி வாழ்ந்தனர். ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு பெயர். அப்பெயரே அங்கிருந்து வந்தவருக்கும் பெயராயிற்று. ஒரு சிற்றூரிலிருந்து பிறந்த பெயர் ஒன்றிரண்டு குடும்பங்களோடு நின்றுவிடும். அதனால்தான் அத்தகைய பெயர்கள் அரிதாகவும், ஒரே வட்டாரத்தில் செறிந்தும் காணப்படுகின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். நிலவுடைமையாளர் தம் நிலத்தின் பெயரால் அந்த ஊரிலேயே அறியப்பட்டார். ஆனால் எளிய மக்களுக்கு ஊர்ப் பெயர் ஒட்டியது, பெரும்பாலும் அவர்கள் அவ்வூரை விட்டு வெளியேறிய பின்னரே. தெற்கு வளவில் வாழும் அனைவரும் தெற்கு வளவார்தாம். அங்கே அப்பெயரால் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தறிய இயலாது. அடுத்த ஊருக்குக் குடிபெயர்ந்தவரைத்தான் "அந்த சவுத்வொர்த் ஆள்" என்று அயலார் சுட்டினார்கள். ஊர்ப் பெயரைக் குடும்பப் பெயராகத் தாங்கும் ஆங்கிலேயர் பலர், என்றோ புலம்பெயர்ந்த ஒருவரின் வழிவந்தோரே.

சவுத்வொர்த் குடும்பத்தின் முதன்மைக் கிளையும் இடம் பெயர்ந்தது. 14ஆம் நூற்றாண்டில் கில்பர்ட் சவுத்வொர்த் என்பவர், திருமண உறவின் வழியே, பிரெஸ்டனுக்கும் பிளாக்பர்னுக்கும் இடையிலுள்ள சாம்ல்ஸ்பரியில் நிலம் பெற்றார். 1325ஆம் ஆண்டளவில் அவர் கட்டத் தொடங்கிய மாளிகை இன்றும் நிற்கிறது. கறுப்பு மரச் சட்டங்களும் வெள்ளைச் சுவர்களுமாய் அமைந்த அந்தச் சாம்ல்ஸ்பரி மாளிகையை நீங்கள் சென்று காணலாம். பெயர் பிறந்த சிற்றூரிலிருந்து அது ஏறத்தாழ 35 கிலோமீட்டர் வடக்கே உள்ளது. ஆறு நூற்றாண்டுகளுக்குமேல் கழிந்தும் இப்பெயரின் முதன்மை வட்டாரம் இந்நாட்டில் பெரிதாக மாறவில்லை. 1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்தால், சவுத்வொர்த் என்போர் அப்போதும் லங்காஷயரிலேயே செறிந்திருந்தார்கள். தொழிற்புரட்சி வந்தபோதும், பிளாக்பர்ன், பிரெஸ்டன் பருத்தி ஆலைகளே அவர்களுக்கு வேலை தந்தன. நெடுந்தொலைவு செல்லத் தேவையிருக்கவில்லை.

இனி, அப்பெயரைத் தாங்கியவர்கள் யார் என்று பார்ப்போம். இங்கேதான் வரலாறு நமக்குப் பாடம் சொல்கிறது.

எட்டாம் ஹென்றி 1534ஆம் ஆண்டில் உரோமையிடமிருந்து பிரிந்தார். முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில் அரசு ஆலயத்துக்கு வராதவர்களுக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. 1559ஆம் ஆண்டுச் சட்டப்படி ஞாயிறு ஒன்றுக்கு 12 பென்ஸ். 1581ஆம் ஆண்டுச் சட்டப்படி மாதத்துக்கு 20 பவுண்டு. அன்றைய நிலையில் செல்வர்களையே அழித்துவிடக்கூடிய தொகை அது. லங்காஷயரின் ஷெரிஃப் பதவியை வகித்தவரான சாம்ல்ஸ்பரி சர் ஜான் சவுத்வொர்த், கத்தோலிக்க விசுவாசத்தைக் கைவிட மறுத்துத் தண்டமும் சிறையும் ஏற்றார். 1595ஆம் ஆண்டு அவர் இறந்தார். குடும்பத்தின் செல்வம் கரைந்தது. 1670களின் இறுதியில் மாளிகை பிறர் கைக்கு விலைபோயிற்று.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் மனத்துக்கு இதமாக இருக்கும். ஆனால் வரலாற்றை நமக்குச் சாதகமான பகுதிகளோடு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. 1612ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் லங்காஸ்டர் நீதிமன்றத்தில், பெண்டில் குன்றுப் பகுதியைச் சேர்ந்தோர் மீதான புகழ்பெற்ற சூனிய வழக்குகளோடு, சாம்ல்ஸ்பரியைச் சேர்ந்த மூன்று பெண்களும் சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டப்பட்டு நின்றார்கள். அவர்களுள் ஒருவர் ஜேன் சவுத்வொர்த் என்னும் கைம்பெண். சீர்திருத்தச் சபையைத் தழுவியவர். குற்றம் சாட்டியவள் 14 வயதுச் சிறுமி. விசாரணையில் உண்மை வெளிவந்தது. சொல்ல வேண்டியதை ஒரு கத்தோலிக்கக் குரு தனக்குக் கற்றுக்கொடுத்ததாகச் சிறுமி ஒப்புக்கொண்டாள் என்று நீதிமன்றப் பதிவு கூறுகிறது. அக்குருவின் பெயர் கிறிஸ்டோபர் சவுத்வொர்த். மூன்று பெண்களும் விடுதலை பெற்றார்கள். அப்பதிவை வெளியிட்டவர்களுக்குக் கத்தோலிக்கர் மீது பகை இருந்தது என்பது உண்மை. ஆயினும் ஒரே பெயருடைய இருவர், ஒருவர் குற்றக் கூண்டிலும் மற்றவர் குற்றச்சாட்டின் பின்னணியிலும் நின்றனர் என்பதை நாம் மறைக்கலாகாது.

அதே காலத்தில், இன்னொரு சவுத்வொர்த் முற்றிலும் எதிர்த் திசையில் சென்றார். எட்வர்ட் சவுத்வொர்த் என்பவர், அரசின் சபை போதிய அளவு சீர்திருத்தம் பெறவில்லை என்று கருதிய பிரிவினைச் சபையாருடன் ஹாலந்து நாட்டு லைடன் நகரில் அகதியாய் வாழ்ந்தார். அவர் இறந்தபின் கைம்பெண்ணான ஆலிஸ், 1623ஆம் ஆண்டு 'ஆன்' என்னும் கப்பலில் அமெரிக்காவின் பிளிமத் குடியேற்றத்துக்குச் சென்று, அதன் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்டை மணந்தார். அவருடைய புதல்வர்களான கான்ஸ்டன்ட், தாமஸ் ஆகியோரும் பின்னர் அங்கே சென்றனர். அமெரிக்காவில் சவுத்வொர்த் என்னும் பெயர் பரவியதற்கு அவர்கள் ஒரு முக்கியக் காரணம். உரோமைக்காகத் துன்புற்றோரும், உரோமையின் நிழலும் கூடாது என்று நாடு துறந்தோரும் ஒரே பெயரைச் சுமந்தார்கள்.

இனி நம் புனிதரிடம் வருவோம். ஜான் சவுத்வொர்த் 1592ஆம் ஆண்டளவில் லங்காஷயரில் பிறந்தார். அன்று இங்கிலாந்தில் குருமடம் இல்லாததால், இன்றைய வட பிரான்சிலுள்ள டூவே நகரின் ஆங்கிலக் கல்லூரியில் பயின்று, 1618ஆம் ஆண்டு குருவாகி, அடுத்த ஆண்டே தாய்நாடு திரும்பினார். அந்நாளில் வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்று இங்கிலாந்துக்குள் வருவதே தேசத்துரோகம். 1627ஆம் ஆண்டு லங்காஸ்டரில் மரண தண்டனை விதிக்கப்பட்டுச் சிறையில் இருந்தார். 1628 ஆகஸ்டு 28 அன்று, அதே சிறையிலிருந்து கொலைக்களத்துக்கு இட்டுச் செல்லப்பட்ட புனித எட்மண்ட் ஏரோஸ்மித்துக்கு, சிறைச் சாளரத்திலிருந்து பாவமன்னிப்பு வழங்கியவர் இவரே. 1630ஆம் ஆண்டு, முதலாம் சார்லஸ் மன்னரின் கத்தோலிக்கத் துணைவியார் ஹென்றியேட்டா மரியாவின் பரிந்துரையால், நாடு கடத்தப்படும் நிபந்தனையோடு விடுவிக்கப்பட்டார். மீண்டும் திரும்பி வந்தார்.

1636ஆம் ஆண்டு இலண்டனைக் கொள்ளைநோய் தாக்கியது. நோயுற்ற வீடுகள் பூட்டி முத்திரையிடப்பட்டன. புனித ஹென்றி மோர்ஸ் என்னும் இயேசு சபைக் குருவோடு சேர்ந்து, ஜான் சவுத்வொர்த் வெஸ்ட்மின்ஸ்டரின் ஏழைத் தெருக்களில் உணவும் உதவிப் பணமும் திருவருட்சாதனங்களும் கொண்டு சென்றார். இன்று அவர் உடல் இருக்கும் பேராலயம் அவர் நடந்த அதே வட்டாரத்தில்தான் எழுந்துள்ளது. இறுதியில், ஆலிவர் குரோம்வெல்லின் ஆட்சியில், 1654ஆம் ஆண்டு கைது செய்யப்பட்டார். குருவென்பதை மறுத்துவிடும்படி நீதிபதிகளே தூண்டியும் அவர் மறுக்கவில்லை. ஜூன் 28 அன்று, இன்றைய மார்பிள் ஆர்ச் அருகிலிருந்த டைபர்ன் கொலைக்களத்தில் தூக்கிலிடப்பட்டு, உடல் வெட்டப்பட்டது. அப்போது அவருக்கு ஏறத்தாழ 62 வயது. ஸ்பானியத் தூதர் உடலின் பகுதிகளை விலைகொடுத்து வாங்கித் தைத்து இணைக்கச் செய்து டூவேக்கு அனுப்பினார். பிரெஞ்சுப் புரட்சியின்போது மறைத்துப் புதைக்கப்பட்ட அவ்வுடல், 1927ஆம் ஆண்டு கல்லூரியின் பழைய நிலத்தைத் தோண்டிய தொழிலாளர்களால் கண்டெடுக்கப்பட்டு, 1930ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் வந்து சேர்ந்தது. 1970ஆம் ஆண்டு திருத்தந்தை ஆறாம் பவுல் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அக்காலக் கத்தோலிக்கக் குடும்பங்களின் பெயர்கள் நமக்கு எவ்வாறு கிடைத்தன என்பதையும் சிந்தியுங்கள். 1538ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு பங்கும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிய வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. ஆனால் நம்மவர் மறைவாகத் திருமுழுக்குப் பெற்றார்கள். குருக்கள் மாற்றுப் பெயரில் நடமாடினார்கள். ஒரு பெயரை எழுதி வைப்பதே ஓர் உயிரைக் காட்டிக்கொடுப்பதாகலாம். ஆகவே எழுதாமல் விட்டார்கள். அதே வேளையில், அவர்களை ஒடுக்கிய அரசு, 1592ஆம் ஆண்டு முதல், தண்டம் செலுத்த வேண்டியோரின் பட்டியலை ஆண்டுதோறும் எழுதிப் பேணியது. இன்று லங்காஷயரின் பழைய கத்தோலிக்கக் குடும்பங்களைத் தேடும் ஆய்வாளர்கள் முதலில் புரட்டும் ஏடுகளுள் அத்தண்டப் பட்டியலும் ஒன்று. நண்பர்கள் அச்சத்தால் எழுதாததைப் பகைவர் எழுதி வைத்தார்கள்.

பெயர் என்பது இரத்தத்தின் சான்று என்று எண்ணுவோரும் உண்டு. அதையும் அறிவியல் சோதித்துப் பார்த்திருக்கிறது. தந்தையிடமிருந்து மகனுக்கு, குடும்பப் பெயரைப் போலவே, ஒய் குரோமோசோம் செல்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு மரபணு அறிஞர் பிரையன் சைக்ஸ், தம் பெயரையே தாங்கிய 48 ஆண்களைச் சோதித்து 2000ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார். அவர்களுள் பாதிக்குச் சற்றுக் குறைவானோரே ஒரே வகைக் குரோமோசோமைக் கொண்டிருந்தார்கள். ஏனையோர் வேறு வழிகளில் அப்பெயருக்குள் வந்தவர்களின் வாரிசுகள்; தத்தெடுப்பு, மறுமணம், தாயின் பெயரைப் பெற்ற பிள்ளைகள் என வழிகள் பல. 2007ஆம் ஆண்டு லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னும் வியப்பான ஒன்றைக் கண்டார்கள். யார்க்ஷயரைச் சேர்ந்த ஓர் அரிய குடும்பப் பெயரையுடைய 18 ஆண்களுள் எழுவரிடம், அதற்குமுன் பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்கரிடம் மட்டுமே காணப்பட்ட ஒய் குரோமோசோம் இருந்தது. அவர்கள் தம்மைத் தலைமுறை தலைமுறையாய் யார்க்ஷயர் வெள்ளையர் என்றே அறிந்திருந்தார்கள். என்றோ இத்தீவுக்கு வந்த ஓர் ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்கள் அவர்கள். "இந்நாட்டுப் பெயர்" என்று நாம் வியக்கும் பெயருக்குள்ளும் அயலிலிருந்து வந்தவர் இருக்கிறார்.

அன்பு மக்களே, இதையெல்லாம் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன்? ஆங்கிலேயர் 1300ஆம் ஆண்டளவில் நின்ற அதே இடத்தில் இன்று நீங்கள் நிற்கிறீர்கள். நம் மரபில் தந்தையின் பெயர் ஒரு தலைமுறைக்கு மட்டுமே முன்னெழுத்தாய் வரும். விமான நிலையத்திலும் குடிவரவு அலுவலகத்திலும் அப்பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதப்பட்டது. இங்கே பிறந்த பேரப்பிள்ளைகளுக்கும் அதுவே நிலைத்துவிட்டது. ஊரில் கமம் செய்த ஒரு செல்லத்துரையோ, கடலுக்குச் சென்ற ஒரு மரியதாசனோ, தாம் அறியாமலேயே ஓர் ஆங்கில நாட்டுக் குடும்பத்தின் மூதாதையாகிவிட்டார். நம்முள் பெர்னாண்டோ, குரூஸ் போன்ற பெயருடையோரின் மூதாதையருக்கு, போர்த்துக்கீசியர் காலத்துத் திருமுழுக்கோடு இதுவே நிகழ்ந்தது. உங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை என்பது சரியன்று. அது உங்கள் கண்முன்னே பிறந்துகொண்டிருக்கிறது.

ஆகவே என் பரிந்துரைகள் மூன்று. முதலாவது, பிறப்புச் சான்றிதழிலும் திருமுழுக்குப் பதிவேட்டிலும் பள்ளியிலும் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு வேறொன்று என விட்டுவிட்டால், நூறாண்டு கழித்துத் தேடுவோர் உங்களை ஒரே குடும்பமாய் அடையாளம் காண இயலாது. இரண்டாவது, அயலார் நாவுக்கு எளிதாகட்டும் என்று பெயரைப் பாதியாய் வெட்டும்முன் சற்றுச் சிந்தியுங்கள். சாம்ல்ஸ்பரியைச் சொல்லப் பழகிய நாவு சற்குணராஜாவையும் சொல்லப் பழகும். மூன்றாவதே முதன்மையானது. அப்பெயருக்கு உரியவர் யார், எந்த ஊரார், எதற்காக உழைத்தார், எந்த நிலையில் அவர் பிள்ளைகள் கடல் கடந்தார்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் குடும்பத் திருவிவிலியத்துக்குள் வையுங்கள். நம்மிடையேயும் அச்சத்தால் எழுதப்படாத ஆண்டுகள் உண்டு. எரிந்த பதிவேடுகளும் உண்டு. நம் கதையை அலுவலகக் கோப்புகள் மட்டுமே சொல்லும் நிலை வரலாகாது.

சவுத்வொர்த் என்ற பெயர் தன்னளவில் ஒருவரையும் புனிதராக்கவில்லை. அப்பெயரோடு சிறை சென்றவரும், ஒரு பிள்ளையைப் பொய் சொல்லப் பழக்கியதாகக் குற்றம் சாட்டப்பட்டவரும், நாடு துறந்தவரும், கொள்ளைநோய் வீட்டுக்குள் அஞ்சாமல் நுழைந்தவரும் இருந்தார்கள். தெற்கு வளவு என்ற சாதாரணச் சொல்லுக்கு இன்று நாம் முழந்தாளிடுவது, ஒருவர் அதைச் சுமந்துகொண்டு வாழ்ந்த வாழ்வினால். உங்கள் தந்தையின் பெயரும் உங்கள் பிள்ளைகளின் கையில் அவ்வாறே இருக்கிறது.

அடுத்த முறை வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்துக்குச் செல்லும்போது பிள்ளைகளை அச்சிற்றாலயத்துக்கு அழைத்துச் சென்று இக்கதையைச் சொல்லுங்கள். விரும்புவோர், உங்கள் குடும்பப் பெயர் யாருடைய பெயர், அவர் எந்த ஊரார் என்பதை இப்பதிவின் கீழே எழுதுங்கள். பெயர்களையும் அவற்றுக்குரியோரையும் என் திருப்பலியில் நினைவுகூர்வேன்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை